பேருக்கு முன்னால் ஒரு சொல்

ஊட்டி
7-1-1981

அன்புள்ள தபித்தாளுக்கு,

உன் கணவன் செல்லதுரை எழுதுவது. இங்கே நான் சுகமாக இருக்கிறேன். நீ ஊரில் இல்லாததால் மெலிந்துவிட்டேன் என்று யாராவது வந்து சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே நீயும், மகள் ஹெப்சிபாவும், மருமகன் பொன்ராஜும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். கடிதத்தின் தலையில் ‘அன்புள்ள’ என்று போட்டிருப்பது கடிதம் எழுதும் முறை. அதிலிருந்து நீ வேறு எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முழங்கால் வலிக்கு எண்ணெய் வைத்தியம் பார்க்க நீ கூடலூருக்குப் போயிருப்பதாகத்தான் சபையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கூடலூர் வெயில் முழங்காலுக்கு நல்லது என்று போதகரம்மாவும் சொன்னார். பக்கத்து வீட்டு சாந்தாமணி மட்டும் நம்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மகளோடு நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதை அவள் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். “ஏனுங்க மாமா, முழங்கால் வலிங்கிறவங்க அத்தனை வேகமா இறங்குவாங்களா?” என்று கேட்கிறாள். கதவைச் சாத்தினேன். அப்புறம் அவள் கொடுத்தனுப்பிய கீரைக் கடைசலைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

இந்த வருஷம் பனி கடுமை. காலையில் ரேஸ் கோர்ஸ் மைதானம் முழுக்க உப்பு கொட்டினது போலக் கிடக்கிறது. நம் பாத்தியில் உருளைக்கிழங்குச் செடி கருகிவிட்டது. காரட்டுக்கு ஒன்றும் இல்லை. பூனை உன் நாற்காலியில்தான் படுக்கிறது. இறக்கிவிட்டால் மறுபடியும் ஏறுகிறது. பிடிவாதம் பிடித்த பிராணி. யாரிடம் கற்றதோ தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் செய்தது என்ன? நாற்பது வருஷம் அந்தக் கல்லறைத் தோட்டத்தில் புல் செதுக்கினேன், பாசி சுரண்டினேன், சாய்ந்த சிலுவைகளை நிமிர்த்தினேன். ஓய்வு பெற்றபோது கமிட்டியார் நம் இரண்டு பேருக்கும் சேர்த்து அங்கே ஓர் இடம் கொடுத்தார்கள். முதலில் கொடுத்தது மதில் ஓரத்தில் தண்ணீர் தேங்கும் மூலை. மற்றவனாக இருந்தால் கும்பிடு போட்டு வாங்கியிருப்பான். நான் செயலரிடம் சண்டை போட்டு, சைப்ரஸ் மரத்துக்குக் கீழே காய்ந்த மேட்டில் இடம் வாங்கினேன். இடத்தைப் பிடித்து வைக்க வேண்டுமென்றால் கல் நட வேண்டும் என்பது விதி. நட்டேன். பேர் இல்லாத கல்லை நட முடியாது. பேர் வெட்டினேன். பேரை மொட்டையாக வெட்ட முடியாது. ஆகவே முன்னால் ஒரு சொல் போட்டேன். இதில் குற்றம் எங்கே இருக்கிறது?

அந்தச் சொல்லை நான் வாய்க்கு வந்தபடி எடுக்கவில்லை. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர்கள் அங்கே படுத்திருக்கிறவர்கள்தான் என்பது உனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பாசியைச் சுரண்டச் சுரண்ட எழுத்து வந்தது. உறைபனி விழுந்த காலைகளில், வெட்டிய எழுத்துக்குள் பனி உட்கார்ந்து, மற்ற நாளில் கண்ணுக்கே தெரியாத வரியெல்லாம் சுண்ணாம்பில் எழுதினது போலத் தெரியும். அந்த நேரத்தில்தான் படித்தேன். ‘ஒய்ஃப்’ என்ற சொல் கல்லுக்குக் கல் வந்தது. அதற்கு முன்னால் நிற்கிற சொல் மட்டும் மாறியது. ஓரிடத்தில் பிலவ்டு ஒய்ஃப், ஓரிடத்தில் டியர் ஒய்ஃப், இன்னோரிடத்தில் டிவோட்டட் ஒய்ஃப். பிறகு பார்த்தால் அதே பிலவ்டு ‘சன்’ என்பதற்கு முன்னாலும் நிற்கிறது. அப்போதுதான் பிடிபட்டது. பின்னால் இருப்பது ஆள். முன்னால் நிற்பது அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்ல வந்தது. அது ஒரே வீட்டில் குடியிருக்காது. வேறு ஆளுக்கு முன்னாலும் போய் நிற்கும். ஹெப்சி பள்ளிக்கூடத்தில் இதற்கு அட்ஜெக்டிவ் என்று படித்துவிட்டு வந்தாள், தமிழில் பெயரடை என்றாள். பேர் வைத்தது அவர்கள். யாரும் சொல்லாமல் கண்டுபிடித்தது நான். நான் முன்சொல் என்றுதான் சொல்வேன்.

தப்பும் செய்திருக்கிறேன். சின்னச் சின்னக் கல்லாக ஒரு வரிசை இருக்குமே, இன்ஃபன்ட் சன், இன்ஃபன்ட் டாட்டர் என்று. இன்ஃபன்ட் என்பது ஏதோ குடும்பப் பேர், பாவம் அந்தக் குடும்பத்துக்குப் பிள்ளையே தங்கவில்லை என்று நினைத்து உன்னிடம் வந்து சொன்னேன். நீ அந்தக் குடும்பத்துக்காக ராத்திரி ஜெபத்தில் ஒரு வரி சேர்த்தாய். கைக்குழந்தை என்றுதான் அதற்கு அர்த்தம் என்று தெரிந்த பிறகும் நீ அந்த வரியை நிறுத்தவில்லை.

ஒரே வரியில் இரண்டு பேர் இருந்தால் எந்தச் சொல் யாருக்கு என்று கவனமாகப் பார்க்க வேண்டும். கர்னலும் அவர் மனைவியும் கிடக்கிற கல்லில் ஹானரபிள் கர்னலுக்கு, பிலவ்டு அவர் மனைவிக்கு. பெரும்பாலும் அப்படித்தான். உத்தியோகச் சொல் ஆம்பிளைக்கு முன்னால், பிரியச் சொல் பொம்பளைக்கும் பிள்ளைக்கும் முன்னால். நான் அந்த வழக்கத்தை மாற்றிப் போட்டேன், யோசித்துத்தான் போட்டேன். பேருக்கு முன்னால் வருவது மற்றவர் நம்மைப் பற்றிச் சொல்கிற சொல். உன் பேருக்கு முன்னால் நான் சொல்வது இருக்க வேண்டும். ஆகவே ஃபெயித்ஃபுல் ஒய்ஃப், உண்மையுள்ள மனைவி. உறைபனியில் நான் கல் துடைக்கிற காலையில் எல்லாம் காப்பித் தூக்கோடு வந்து நின்றவளுக்கு அதைவிடப் பெரிய சொல் எனக்குத் தெரியவில்லை. என் பேருக்கு முன்னால் நீ சொல்லக்கூடியது இருக்க வேண்டும். ஆகவே பிலவ்டு ஹஸ்பண்ட், பிரியமான கணவன்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து, தோட்டத்தில் மூடி வைத்திருந்த சாக்கை விலக்கிக் கல்லைக் காட்டினேன். ஹெப்சி வாசித்தாள், அர்த்தமும் சொன்னாள். “ஏனுங்க, நான் எப்பங்க உங்களை அப்படிச் சொன்னேன்?” என்று முதலில் சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். பிறகு உன் பேருக்கு முன்னால் இருக்கிற சொல்லை இங்கிலீஷில் மறுபடியும் சொல்லச் சொன்னாய். அவள் சொன்னாள். உன் முகம் மாறிவிட்டது. போதகர் நிற்கிறார், சாந்தாமணி நிற்கிறாள், அத்தனை பேருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, “பொம்பளைங்களுக்குப் போடுற வார்த்தையை நீங்க வச்சுக்கிட்டு, நாய்க்குப் போட்ட வார்த்தையை எனக்குக் குடுத்தீங்களா?” என்றாய்.

எந்த நாய் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை. மறுநாள் பஸ் ஏறுகிற அவசரத்தில் ஹெப்சி சொல்லித்தான் தெரியும். கோத்தகிரி ரோட்டு எஸ்டேட்டில் உன் அம்மா துரை பங்களாவில் சமையல் செய்த காலத்தில், துரையின் நாய் செத்து அதற்குக் கல்லறை கட்டினார்களாம். சிறு பெண்ணாக இருந்த நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதற்குப் பூ வைக்க வேண்டுமாம். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பட்லரிடம் கேட்டாயாம். அவர் சொல்லிக்கொடுத்தாராம். இத்தனை வருஷத்தில் இதை நீ ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தை அதுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்? சொல்லாததற்கு நான் பொறுப்பில்லை.

முழங்கால் சரியானதும் நீ வரலாம். நான் கூப்பிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குத் திரும்புவதற்கு யாரும் கூப்பிட வேண்டியதில்லை. பொன்ராஜை நாடுகாணி செக்போஸ்ட்டில் ராத்திரி ட்யூட்டியின்போது காதை மூடிக்கொள்ளச் சொல். ஹெப்சிக்கு என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஞா. செல்லதுரை
(கல்லறைத் தோட்டப் பொறுப்பாளர், ஓய்வு)


ஊட்டி
19-1-1981

தபித்தாளுக்கு,

நீ கண்டக்டர் சில்வஸ்டரிடம் கொடுத்தனுப்பிய பை வந்து சேர்ந்தது. மிளகு, நேந்திரங்காய் வறுவல், ஒரு ஜோடி கம்பளிக் காலுறை. கடிதம் இருக்கும் என்று பையைத் தலைகீழாக உதறினேன். ஒரு மிளகு விழுந்தது. “அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா?” என்று சில்வஸ்டரிடம் கேட்டேன். “சொன்னாங்க. பையைத் திருப்பிக் குடுக்கச் சொன்னாங்க” என்றான். பையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உள்ளே நம் பாத்திக் காரட் இருக்கும். காலுறை சரியாக இருக்கிறது. இடது கால் கொஞ்சம் பெரிது, ஆனால் என் இடது காலும் கொஞ்சம் பெரிதுதான். அதை நீ மறக்கவில்லை.

மூன்றாம் நாள் உன் தபால் கார்டு வந்தது. தபால் கார்டில் எழுதாதே என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்? தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். “என்னங்கய்யா, அம்மா கூடலூர்லயே எடம் பாக்குறாங்களாமா? வீட்டு மனைங்களா?” என்று விசாரித்தார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? ‘அந்தக் கல்லில் என் பேர் வேண்டாம். இங்கே சபைத் தோட்டத்திலேயே எனக்கு ஓர் இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்’ என்று நீ எழுதினதற்கு நான் ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? மனை நல்ல விலைக்கு வந்தால் தனக்கும் சொல்லும்படி கேட்டுக்கொண்டு போனார்.

நீ யோசிக்காமல் எழுதியிருக்கிறாய். நான் யோசித்துப் பதில் சொல்கிறேன். முதலாவது, கூடலூர் மண் ஈரம். ஆனி, ஆடியில் அங்கே பிடிக்கிற மழை புரட்டாசி வரைக்கும் விடாது. குழி வெட்டினால் ஊற்று வரும். அந்த ஈரத்தில் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடப்பது உன் முழங்காலுக்கு ஆகாது. இங்கே காய்ந்த மேடு. மத்தியானம் வரை வெயில் இருக்கும். நான் படுத்தே பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, நம் இடத்தில் உன் பாதி காலியாக இருந்தால் கமிட்டி விட்டு வைக்காது. பழைய செயலரின் மாமியார் மதில் ஓரத்து மூலை வேண்டாம், சைப்ரஸ் மரத்தடிதான் வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் சபைக் கூட்டத்தில் பேச ஆரம்பித்தால் எப்போது முடிப்பார் என்று உனக்குத் தெரியும். உயிர்த்தெழுகிற நாள் வரை நான் அவர் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்பதுதான் உன் ஆசை என்றால், அதையும் கார்டிலேயே எழுதிவிடு. தபால்காரர் படித்துச் சொல்வார்.

சாந்தாமணி தினமும் விசாரிக்கிறாள். “மாமா, ஒரு வார்த்தை தணிஞ்சு போனா என்னங்க?” என்கிறாள். எனக்குத் தணிந்து பழக்கம் இல்லை. கமிட்டியிடம் தணிந்திருந்தால் தண்ணீரில் கிடக்க வேண்டியிருக்கும். ஆனால் நியாயம் பார்க்கத் தெரியும். ஆகவே இந்த வாரம் முழுவதும் தோட்டத்துக்குப் போய், உனக்கு வேறு முன்சொல் கிடைக்கிறதா என்று கல்லுக்குக் கல் தேடினேன். இப்போது காவல் பார்க்கிற பையன், தாத்தாவுக்கு வீட்டில் சண்டை போல என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. விழாதது போல வந்துவிட்டேன்.

தேடினதில் ஒன்று தெரிந்துகொண்டேன். அங்கே இருக்கிற பொம்பளைகள் எல்லாரும் பிரியமானவர்கள், பொறுமையானவர்கள், மென்மையானவர்கள். ஆம்பிளைகள் எல்லாரும் நல்லவர்கள், தைரியசாலிகள், அன்பானவர்கள். ஒருவர்கூட வாயாடி இல்லை, கோபக்காரர் இல்லை, சமையலில் உப்பு கூட என்று தட்டைத் தள்ளினவர் இல்லை. அப்படியானால் சண்டைக்காரர்களை எல்லாம் எங்கே புதைத்தார்கள்? ஊட்டியில் அப்போது சண்டைக்காரர்களே இல்லையா? துரைமார் பேசிக்கொண்டதை நான் கேட்டிருக்கிறேன். இருந்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கல்லுக்கும் சம்பந்தம் இல்லை. உனக்கு அப்படிப் பொருந்தாத சொல்லை நான் வெட்ட மாட்டேன். ஜென்டில் ஒய்ஃப், மென்மையான மனைவி என்று வெட்டினால் சபையில் சிரிப்பார்கள்.

கிழக்கு வரிசையில் ஒரு சிப்பாயின் கல்லில் மட்டும் முன்சொல் முன்னால் இல்லை. ஆள் முதலில் வருகிறார், பிரேவ் அண்ட் ட்ரூ, தைரியமும் உண்மையும் உள்ளவர் என்று அவருக்கான சொற்கள் பின்னால் வருகின்றன. எனக்கு அந்தக் காலத்தில் வெகுநாள் விளங்காத கல் அது. பின்னால் வந்தாலும் அவை அந்த ஆளைச் சேர்ந்தவைதான் என்று பிறகு தெரிந்தது. மார்க்கெட்டுக்குப் போகும்போது நீ முன்னால் போவாய், நான் பையோடு பின்னால் வருவேன். பார்க்கிறவர்களுக்கு நாம் சேர்ந்து வந்தவர்கள் இல்லை என்று தோன்றும். கடைக்காரனுக்கு மட்டும் தெரியும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எதையும் கண்ணால் பார்க்காமல் ஒப்புக்கொள்கிறவன் இல்லை. பட்லர் ஒரு சின்னப் பெண்ணிடம் என்ன சொன்னார், அவள் என்ன புரிந்துகொண்டாள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கல்லில் என்ன இருக்கிறது என்று நானே போய்ப் பார்க்கப் போகிறேன். நீ சொன்னது தப்பாக இருந்தால் அதையும் எழுதுவேன்.

கூடலூர் சபைத் தோட்டத்தில் இடம் பார்க்கிற வேலையை அதுவரை நிறுத்தி வை. பொன்ராஜிடமும் சொல். மருமகன் மாமியாருக்கு இடம் பார்க்கிறான் என்பது கேட்க நன்றாக இல்லை.

இப்படிக்கு,
செல்லதுரை


ஊட்டி
2-2-1981

அன்புள்ள தபித்தாளுக்கு,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பனி குறைந்துவிட்டது. நீ வைத்த ஜெரேனியம் இரண்டும் தப்பித்துவிட்டன. மூன்றாவதைப் பூனை கவிழ்த்துவிட்டது. ரசம் வைக்கப் பழகிவிட்டேன். உன் ரசம் போல இல்லை, ஆனால் ரசம் என்று சொல்லலாம். சாந்தாமணி குடித்துப் பார்த்துவிட்டு, அத்தைக்குச் சீக்கிரம் லெட்டர் போடுங்கள் என்றாள்.

போன வியாழக்கிழமை கோத்தகிரி பஸ்ஸைப் பிடித்து அந்த எஸ்டேட்டுக்குப் போனேன். பங்களாவை இப்போது கம்பெனி விருந்தினர் விடுதியாக்கி வைத்திருக்கிறது. வாட்ச்மேன் நல்ல மனிதர், வேலன் என்று பேர். நாய்க் கல்லறை பார்க்க வந்தேன் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நாய் உங்களுக்கு வேண்டப்பட்டதுங்களா?” என்று கேட்டார். என் மனைவிக்குத் தெரிந்த நாய் என்றேன். விட்டுவிட்டார்.

பங்களாவுக்குப் பின்னால், சரிவில், பெரணிச் செடி மூடிக் கிடந்தது. நான் ஏதோ கையகலக் கல் இருக்கும் என்று நினைத்துப் போனேன். வெள்ளைச் சலவைக்கல், சுற்றி இரும்புக் கம்பி. நம் சபைத் தோட்டத்தில் எத்தனையோ பேருக்கு அந்தக் கம்பி கிடையாது. கை பழக்கத்தில் பாசியைச் சுரண்டினேன். ரெக்ஸ் என்று பேர். கீழே ஃபெயித்ஃபுல் ஃப்ரெண்ட். பட்லர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நீயும் சரியாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறாய். தப்பாக இருந்தால் எழுதுவேன் என்று சொன்னேன். தப்பாக இல்லை, அதையும் எழுதுகிறேன்.

அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சரிவில் பூவைக் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஏறி வருகிற பெண் எவ்வளவு உயரம் இருந்திருப்பாள் என்று பார்த்தேன். கம்பிக்கு மேல் தலை தெரிந்திருக்காது. அந்த நாய்க்கு வெந்நீர் போட்டுக் குளிப்பாட்டினதும் நீதான் என்று ஹெப்சி சொல்லியிருந்தாள், உன் தம்பிகள் குழாய்த் தண்ணீரில் குளித்த காலத்தில்.

பிறகு, உன் அம்மாவை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று வேலனிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் மூக்கம்மா என்று ஒரு கிழவி இருக்கிறாள், அவளுக்குத் தெரிந்தது. “பங்களாச் சமையல் ஏசுவடியாளா? மவராசி, அவ மீந்த ரொட்டியை முந்தியில கட்டிக் கொண்டாந்து குடுப்பா, எங்க ஊட்டுப் புள்ளைங்க அதுல வளந்ததுக” என்று சொல்லிக்கொண்டே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். லைனுக்குக் கீழே, சீகை மரத் தோப்புக்குள். கல் இல்லை. மேடும் இல்லை, தரையோடு தரை. மூக்கம்மா காட்டியிருக்காவிட்டால் நான் மிதித்துக்கொண்டு போயிருப்பேன்.

என் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். மூக்கம்மா வீட்டு அரிவாளை வாங்கிச் சுற்றிலும் செதுக்கினேன். நாலு பக்கமும் கல் பொறுக்கி வைத்து எல்லை கட்டினேன். திரும்பப் பங்களாவுக்கு ஏறிப் போய் ஜெரேனியம் இரண்டு கொத்து ஒடித்தேன். “பெரியவரே, இங்க பூப் பறிக்கக் கூடாதுங்க” என்று வேலன் ஓடி வந்தார். நாய்க்குப் போன பூவில் சமையல்காரிக்கும் கொஞ்சம் உண்டு, வேண்டுமானால் கம்பெனிக்கு எழுதிப் போடு, என் விலாசம் தருகிறேன் என்றேன். அவரே இன்னொரு கொத்து ஒடித்துக்கொண்டு கூட வந்தார். உன் அம்மாவுக்குப் பூ வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

நான் தோற்றுவிட்டதாக நினைக்காதே. அந்தச் சொல்லில் குற்றம் இல்லை என்று போன மாதம் சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன். நல்ல சொல். ஆனால் துரை வாசலில் இத்தனை வருஷம் காவல் நின்ற சொல்லை நம் வாசலுக்குக் கூட்டி வர முடியாது. அது அங்கேயே இருக்கட்டும். ரெக்ஸுக்கு அது பொருத்தமாகவும் இருக்கிறது. நாய் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அது யாரையும் பூ வைக்கச் சொல்லவில்லை.

வந்த மறுநாள் கல்தச்சன் ஆறுச்சாமியைக் கூப்பிட்டேன். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடு என்றேன். வெட்டினதை வெட்டாததாக்க முடியாது, அந்த இடத்தைத் தேய்த்தால் குழியாகும், குழியில் தண்ணீர் நின்று பாசி பிடிக்கும் என்றான். அவன் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “உசுரோட இருக்கிறவங்களுக்குக் கல்லு வெட்டுனா இதாங்க தொல்லை. செத்தவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் எங்கிட்ட வேற வார்த்தை போடுன்னு வந்து நின்னதில்லீங்க” என்றான். கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான். கல்லைத் திருப்பி நட்டுவிட்டோம். பழைய முகம் இப்போது மதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஓணானைத் தவிர அந்தப் பக்கம் போய்ப் படிக்க யாரும் இல்லை. உன் ஃபெயித்ஃபுல்லும் போயிற்று, என் பிலவ்டும் போயிற்று. இரண்டு பேருக்கும் நஷ்டம் சரிசமம்.

புது முகத்தில் தமிழில் வெட்டச் சொன்னேன். மேலே தபித்தாள். கீழே செல்லதுரை. எப்போதும் போல நீ முன்னால், நான் பின்னால். பேருக்கு முன்னால் சொல் இல்லை. ஆனால் இடம் விட்டிருக்கிறது, இரண்டு பேருக்கும். ஆறுச்சாமி பார்த்துவிட்டு, மொட்டையாக இருக்கிறதே என்றான். பொறு என்றேன்.

உன் பேருக்கு முன்னால் என்ன வேண்டும் என்று நீயே வந்து சொல். கமிட்டியையோ, பொன்ராஜையோ, என்னையோ நம்ப வேண்டாம். சமையல்காரி மகள் என்று போடச் சொன்னாலும் போடுவேன். வேறொரு ஊரில் இருந்துகொண்டு கார்டில் எழுதிப் போட்டால் வெட்ட மாட்டேன்; கல்லுக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும், அதுதான் நிபந்தனை. உன் அம்மாவுக்கு ஒரு கல்லும் ஆறுச்சாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கம்பி கிடையாது, ஆனால் பேர் இருக்கும். அதற்கு முன்னால் என்ன போடுவது என்பதும் உன்னைக் கேட்டுத்தான். எனக்கு அவர்களைத் தெரியாது, அவர்கள் கையால் சாப்பிட்டதும் இல்லை. ஏசுவடியாள் எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஊரில் இனி இருப்பது நீயும் மூக்கம்மாவும்தான்.

என் பேருக்கு முன்னால் உள்ள இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். செத்தவர் பேருக்கு முன்னால் சொல் போடுவது இருக்கிறவர் வேலை. நான் அதை முந்திக்கொண்டு செய்தேன். இனிச் செய்ய மாட்டேன். அந்த இடத்துக்கு நீ எந்தச் சொல்லைப் போட்டாலும் நான் மறுத்துப் பேசப் போவதில்லை; பேச இருக்க மாட்டேன். பிடிவாதக்காரன் என்று போட்டாலும் சரி. அந்தத் தோட்டத்தில் அப்படி ஒரு கல்லாவது இருக்கட்டும், வருகிறவர்கள் நம்புவார்கள். ஆனால் முதலில் போவது நான்தான். கமிட்டியிடம் இடத்துக்காகச் சண்டை போட்டது போல இதற்கும் போடுவேன், யாரிடம் போட வேண்டுமோ அவரிடம். இந்த ஒன்றில் உனக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாயங்காலத்தில் கொஞ்சம் நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்கிறார். பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பினால் அளவாக இருக்கிறது. கூடலூர் பஸ் வருகிற நேரத்தில் நான் அங்கே நின்றுகொண்டிருந்தால் அது டாக்டர் சொன்னதால்தான். பையைத் தூக்க ஆள் வேண்டுமே என்று நீ யோசிக்க வேண்டாம். இடது காலுறை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்பதைத் தவிர, என் காலுக்கு ஒரு குறையும் இல்லை.

ஹெப்சிக்கும் பொன்ராஜுக்கும் என் ஆசீர்வாதம். ஆண்டவர் உன் முழங்காலுக்குச் சுகம் தரட்டும். எனக்குக் கொடுக்கிற ஆயுசைவிட உனக்கு ஒரு நாளாவது கூடக் கொடுக்கட்டும். அந்த ஒரு நாளில் ஆறுச்சாமியைக் கூப்பிட்டு, அவசரப்படாமல், உனக்குத் தோன்றுகிற சொல்லைச் சொல்.

இப்படிக்கு,
செல்லதுரை